நெல்லையிலிருந்து வெளிநாட்டுக்கு நாயும் பூனையும்: தனிமைப்படுத்தலின்றி அழைத்துச் செல்ல என்ன செய்ய வேண்டும்?

வளர்த்த நாயையோ பூனையையோ வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதென்று முடிவான வீடுகளில் பெரும்பாலும் முதலில் விசாரிக்கப்படுவது விமானக் கட்டணம். அடுத்தது கூண்டின் விலை. இவை இரண்டும் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளக்கூடியவை. முதலில் எடுக்க வேண்டியது நாள்காட்டியைத்தான். மைக்ரோசிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, காத்திருப்பு என்ற நான்கும் இந்த வரிசையில், உரிய இடைவெளியில் நடந்தால், பல நாடுகளில் விலங்கு தனிமைக் கூடத்துக்குள் போகாமலேயே நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். வரிசை ஒரு நாள் பிசகினாலும் எண்ணிக்கை தொடக்கத்துக்குத் திரும்பிவிடும்.

இதை நான் ஏட்டறிவாக எழுதவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் வளர்ந்த சிப்பிப்பாறை நாயை, ஜெர்மனிக்கு வேலைக்குச் சென்ற என் அக்கா மகளுடன் அனுப்ப ஏற்பாடு செய்தபோது, முதலில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் சிப் பொருத்தினோம். ஊசி போட்ட மருத்துவமனையில் எவரும் வரிசையைப் பற்றிச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. சிப்புக்கு முன் போட்ட ஊசி ஐரோப்பிய விதிப்படி செல்லாது என்பது தெரிய வந்தபோது அவளுடைய பயணச்சீட்டு உறுதியாகியிருந்தது. அவள் போய்விட்டாள், நாய் வாசலிலேயே ஐந்து மாதம் அவளைத் தேடிக்கொண்டு கிடந்தது. பிறகு அவளே விடுப்பில் வந்து அழைத்துப் போனாள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதே இதை எழுதுவதற்குக் காரணம்.

காத்திருப்பு எதற்காக?

ரேபிஸ் இந்தியாவில் இன்னும் பரவலாக உள்ள நோய். அதனால் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும், இரத்தப் பரிசோதனை கேட்காமல் விலங்குகளை ஏற்கும் நாடுகளின் சலுகைப் பட்டியலில் இந்தியாவைச் சேர்க்கவில்லை. அமெரிக்காவும் நாய்வழி ரேபிஸ் மிகுந்த நாடுகளில் ஒன்றாகவே இந்தியாவை வைத்திருக்கிறது. இந்தக் கிருமி உடலில் புகுந்த பின் நோயாக வெளிப்படுவதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா என்பதை, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது காட்டும். ஆனால் ஊசிக்கு முன்பே அந்த விலங்கு கடிபட்டிருந்ததா என்பதை அது காட்டாது. இரத்தம் எடுத்த பிறகு வைக்கப்படும் மூன்று மாதக் காத்திருப்பு அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகத்தான். பழைய காலத்தில் பிரிட்டன் ஆறு மாதம் விலங்கைத் தன் மண்ணிலேயே அடைத்து வைத்துப் பார்த்தது. 2012 ஜனவரி முதல் நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வருபவற்றுக்கும் இரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் போதும் என்றாயிற்று. அயல்நாட்டுக் கூடத்தில் கழிய வேண்டிய நாட்களை நம் வீட்டுத் திண்ணையில் கழிக்க அனுமதித்திருக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொண்டால், எரிச்சல் வராமல் நாளை எண்ண முடியும்.

சிப்பும் ஊசியும்

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவிலான சிறு குழல். தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படுவது. அது ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உட்பட்ட 15 இலக்க எண் கொண்டதாக இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் ஒரு முறையும் பொருத்திய பின் ஒரு முறையும் கருவியால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைக் கையால் எழுதுவதோடு நிறுத்தாமல், சிப்போடு வரும் கோடுபோட்ட ஒட்டுச்சீட்டையும் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்வது நல்லது. பதினைந்து இலக்கத்தில் ஒன்று மாறினாலும் அந்த ஆவணம் வேறு விலங்கின் ஆவணமாகிவிடும்.

சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பிறகோதான் ரேபிஸ் ஊசி. குட்டிக்கு அன்று குறைந்தது 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும். புத்தகத்தில் தேதி, மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுப்பு எண், எதுவரை செல்லும் என்ற தேதி, மருத்துவரின் கையொப்பம், அவருடைய பதிவு எண் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஜூலை 6-ஆம் தேதி விலங்குவழி நோய்கள் தினத்திலும், செப்டம்பர் 28-ஆம் தேதி உலக ரேபிஸ் தினத்திலும், ஊரார் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருத்துவமனைகளில் முகாம் வைத்து இலவசமாக ஊசி போடுவார்கள். அது மிக நல்ல பணி. எல்லா நாய்களும் அங்கே போக வேண்டும். ஆனால் வரிசையில் நூறு நாய் நிற்கும் இடத்தில் சிப் எண்ணைப் படித்துத் தொகுப்பு எண்ணோடு எழுதித் தர நேரம் இருக்காது என்பதால், பயணக் கணக்குக்கான ஊசியைத் தனியாக நேரம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய விதி முதல் ஊசி ஒன்றையே கேட்கிறது. இருந்தாலும், ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டு பிறகு இரத்தம் எடுப்பதே என் பரிந்துரை. ஒற்றை ஊசியில் எதிர்ப்பொருள் போதிய அளவுக்கு எழாத குட்டிகள் உண்டு. பரிசோதனையில் தோற்றால் இழப்பது ஓர் ஊசியின் விலையை அல்ல, மாதங்களை. ஜப்பான் எப்படியும் இரண்டு ஊசியைக் கட்டாயமாகக் கேட்கிறது.

இரத்தப் பரிசோதனை

டைட்டர் பரிசோதனை என்று மருத்துவர்கள் சொல்வது, இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை அளக்கும் இந்தப் பரிசோதனையைத்தான். முடிவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும், ஊசி போட்டு 30 நாள் கழிந்த பிறகே இரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகே உள்ளே நுழையலாம். முடிவு வந்த நாளிலிருந்து எண்ணுவதாகப் பலர் எண்ணிக்கொண்டு வீணாக ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். இரத்தம் எடுத்த நாளே கணக்கு.

எந்த ஆய்வகத்தில் சோதித்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். போகும் நாடு அங்கீகரித்த ஆய்வகங்களின் பட்டியல் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் இருக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரேபிஸ் ஆய்வகம் போன்றவை அவற்றுள் சில. மாதிரி வெகுதூரம் போக வேண்டியிருப்பதால் முழு இரத்தத்தை அனுப்பக் கூடாது. அதைச் சுழற்றித் தெளிந்த சீரத்தைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்ப வேண்டும். சுழற்றும் கருவியும் குளிர்பதன வசதியும் உள்ள இடத்தில்தான் இரத்தம் எடுக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு: இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே சென்னைக்கு ஓடாமல் முதல் ஆலோசனையை அங்கே கேட்கலாம். கூரியர் நிறுவனம் சீரத்தை ஏற்றுக்கொள்ளுமா, எந்த நாளில் எடுத்தால் வார விடுமுறையில் வழியில் தேங்காது என்பதையெல்லாம் இரத்தம் எடுக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கூடுமானவரை திங்கள் அல்லது செவ்வாயில் எடுப்பது நலம்.

கால இடைவெளிகளை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். செப்டம்பர் 5-இல் சிப்பும் முதல் ஊசியும். அக்டோபர் 5-இல் இரண்டாவது ஊசி. நவம்பர் 6-இல் இரத்தம். மூன்று மாதம் பிப்ரவரி 6-இல் முடியும். பிப்ரவரி நடுவில் பயணம் வைத்தால் மாசி மாதத்து இளவெயிலில் விலங்கு சென்னை போய்ச் சேரும். இதையே ஜனவரியில் தொடங்கினால் பயணம் ஜூனில் விழும். ஏறத்தாழ 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தால் விலங்குகளை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் இருக்கின்றன என்பதால், அக்கினி நட்சத்திரக் காலத்தையும் அதை அடுத்த வாரங்களையும் தவிர்ப்பது அறிவுடைமை. வடகிழக்குப் பருவமழையையும் நினைவில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலே நின்றுபோனதை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட வாரத்தில் சீரமும் போகாது, சென்னைக்கு நாமும் போக முடியாது. எந்தத் தேதிக்கும் இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் நாட்டைப் பொறுத்து

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மேலே சொன்னவற்றோடு, அரசு கால்நடை மருத்துவர் சான்றளித்த ஒன்றியப் படிவச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வழங்கிய பத்து நாளுக்குள் ஒன்றிய எல்லையில் காட்டியாக வேண்டும். ஒருவர் ஐந்து விலங்கு வரை கொண்டு போகலாம். உரிமையாளரின் பயணத்துக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் விலங்கும் பயணம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது வணிக இறக்குமதியாகக் கருதப்பட்டு வேறு விதிகளுக்குள் போய்விடும். என் அக்கா மகள் திரும்பி வர நேர்ந்தது இந்த ஐந்து நாள் விதியால்தான்.

பிரிட்டனுக்கும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். ஆனால் விமானத்தில் போகும் விலங்கு சரக்காகப் பதிவு செய்யப்பட்டே நுழைய முடியும், பயணியின் கைப்பையிலோ உடைமையிலோ அல்ல. நாய்களுக்கு நாடாப்புழு மருந்தும் கட்டாயம். நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் மருத்துவர் கொடுத்து, நேரத்தோடு சான்றிதழில் பதிய வேண்டும். அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகியவையும் இதைக் கேட்கின்றன. பூனைகளுக்கு இது இல்லை.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும்; சிப், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் படிவம், அரசு மருத்துவர் ஒப்பமிட்ட அயல்நாட்டுத் தடுப்பூசிச் சான்றுப் படிவம், பதிவு பெற்ற விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு ஆகிய அனைத்தும் வேண்டும். முதல் ஊசிக்குப் பின் 30 நாள் கழித்து எடுத்த, பயணத்துக்குக் குறைந்தது 28 நாள் முந்தைய டைட்டர் முடிவு கையில் இருந்தால், அந்த நிலையத்தில் பரிசோதித்து மறு ஊசி போட்டு விட்டுவிடுவார்கள். முடிவு இல்லையேல் 28 நாள் அங்கே வைத்திருப்பார்கள். இத்தகைய நிலையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க முடியும் என்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன்பே இதைப் பார்க்க வேண்டும். பூனைகளுக்கு அந்த மையம் இவ்வளவு கேட்பதில்லை. மாநில விதியைப் பார்த்தால் போதும். ஹவாய்க்குத் தனி விதி.

ஜப்பானுக்கு இரத்தம் எடுத்ததிலிருந்து 180 நாள் காத்திருந்து, 40 நாளுக்கு முன்பே அறிவிப்பும் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விடுவிப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். தடை செய்யப்பட்ட நாய் இனங்களின் பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத ஊர் இல்லை. ஆதலால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து நேரே அங்கே போகும் நாய் பூனைகளுக்குத் தனிமைப்படுத்தல் உண்டு. ஆஸ்திரேலியா இன்னும் கடுமை. இந்தியாவிலிருந்து நேராக அனுப்பவே முடியாது, அங்கீகரித்த வேறொரு நாட்டில் ஆறு மாதம் அளவு வைத்திருந்து, அதன் பிறகும் மெல்பர்ன் அருகே மிக்கிள்ஹாமிலுள்ள தனிமைக் கூடத்தில் குறைந்தது பத்து நாள் இருக்க வேண்டும். தனிமைப்படுத்தலே இல்லாமல் இந்நாடுகளுக்கு அனுப்பித் தருவதாக எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கூண்டு

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அளவு முறை எளிது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை நீளம், தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உயரம், தோளின் அகலம், நின்றபடி தலை அல்லது காது நுனி வரை உயரம். கூண்டின் நீளம், முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. அகலம், தோளைப் போல் இரு மடங்கு. உயரம், நான்காவது அளவோடு விரிப்பின் கனம். எங்கள் சிப்பிப்பாறைக்கு 90, 36, 20, 82 சென்டிமீட்டர் வந்தன. ஆகவே கூண்டு 108 நீளம், 40 அகலம், 85 உயரம். கடையில் பெரிய நாய்க்கென விற்கும் பிளாஸ்டிக் கூண்டுகள் லாப்ரடார் உடம்புக்கு ஏற்றவை. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற நெடுங்கழுத்து நாய்களுக்கு அகலம் மிஞ்சி உயரம் பற்றாது. தச்சரிடம் மரக்கூண்டு செய்வது பல வேளைகளில் இதற்குத் தீர்வாகும். நான்கு பக்கமும் காற்றுத் துளை, கசியாத அடிப்பகுதி, உலோகத் திருகாணி, வெளியிலிருந்து நீர் ஊற்றக்கூடிய கிண்ணம் ஆகியவை கட்டாயம்.

சரக்குக் கட்டணம் பெரும்பாலும் எடையை அல்ல, பருமனைப் பொறுத்தது. மூன்று அளவையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குத்தான் காசு. மேலே சொன்ன கூண்டுக்கு 61 கிலோ வரும், நாய் இருபது கிலோதான் என்றாலும். செலவைக் குறைக்கக் கூண்டைச் சிறிதாக்கினால் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கூண்டு பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கதவைக் கழற்றிவிட்டு, அதன் பழைய படுக்கையை உள்ளே போட்டு, சோற்றை அங்கேயே வையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி, முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஓர் இரவு என்று நீட்டலாம். எங்கள் நாய்க்கு ஏழு வாரம் ஆயிற்று. முற்றத்திலும் களத்திலும் ஓடியே வளர்ந்த நாய்க்கு அடைபட்ட இடம் புரியாது. அந்தப் பயத்தைப் பயண நாளுக்கென வைத்திருப்பது நாம் அதற்குச் செய்யும் அநீதி. மயக்க மருந்தோ தூக்க மருந்தோ கொடுக்கவே கூடாது. உயரத்தில் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அவை குறைத்துவிடும், விமான நிறுவனங்களும் ஏற்பதில்லை. பக், புல்டாக், பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு விலங்குகளைச் சரக்கறையில் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. சிறு பூனைகளைப் பையோடு சேர்த்து எட்டுக் கிலோ அளவுக்குள் இருந்தால் பயணியறையில் அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. இடம் குறைவு என்பதால் பயணச்சீட்டோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

கடைசிப் பத்து நாள்

இந்தியாவிலிருந்து புறப்படுவதற்கான சான்றிதழை மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு மற்றும் சான்றளிப்பு நிலையம் தருகிறது. தென்மண்டலத்துக்கான அலுவலகம் சென்னை பள்ளிக்கரணையில் உள்ளது. விலங்கை நேரில் காட்ட வேண்டும். கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, தடுப்பூசிப் புத்தகம், டைட்டர் முடிவு, உள்ளூர் மருத்துவரின் உடல்நலச் சான்று ஆகியவற்றின் மூலமும் நகலும் கையில் இருக்கட்டும். உண்ணி இல்லாமல் காது மடலையும் விரலிடுக்கையும் புறப்படும் முன் தடவிப் பாருங்கள்.

பெயரில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் அப்பா பெயர், முதலெழுத்தோடு. பயணம் செய்வது மகள், கடவுச்சீட்டில் முதலெழுத்து முழுப் பெயராக விரிந்திருக்கும். முதல் நாளிலிருந்தே பயணம் செய்பவரின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். நாயின் இனம், நிறம், பிறந்த தேதி ஆகியவையும் எல்லாத் தாளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் சிப்பிப்பாறை, இன்னொன்றில் நாட்டு நாய் என்று இருந்தால் கேள்வி வரும். மாதத்தை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுவது, நாளையும் மாதத்தையும் மாற்றிப் படிக்கும் அமெரிக்கர்களிடம் குழப்பத்தைத் தவிர்க்கும்.

சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். இரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூபே எனும் தனியறை முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். காரில் போனால் அந்தி சாய்ந்த பிறகு புறப்படுங்கள். விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்து ஓய்வு கொடுங்கள். புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன் இலேசாகச் சோறு கொடுத்து நிறுத்திவிடலாம். தண்ணீரை நிறுத்த வேண்டாம். நீங்கள் உடுத்திய பழைய வேட்டியோ சேலையோ ஒன்றைத் துவைக்காமல் கூண்டுக்குள் விரித்து வையுங்கள்.

இறங்கியதும் அதிகாரி சிப்பைப் படிப்பார், தாளோடு ஒப்பிடுவார், விடுவிப்பார். அதன் பிறகு அடுத்த ரேபிஸ் ஊசியின் கெடு தேதியைச் சுவரில் எழுதி மாட்டிவிடுங்கள். ஐரோப்பிய விதியில் கெடு தவறாமல் ஊசி தொடரும் வரை அந்த ஒரே டைட்டர் முடிவு விலங்கின் ஆயுள் முழுதும் செல்லும், ஊருக்கு வந்து திரும்பும்போதும் மீண்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிராது.